மாட்டுக்காக முறுக்கிய கம்பி: ஜோசப் கிளிடனின் வாழ்வும் எனது வேலியும்

எங்கள் பக்கத்தில் பெரும்போகம் தொடங்குவதற்கு முன்னர் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியோடு இன்னொரு திகதியும் அறிவிக்கப்படும். மாடுகளை வயல் வட்டைகளில் இருந்து அகற்றவேண்டிய கடைசி நாள் அது. வயல்காரருக்கு நிம்மதியையும் மாட்டுக்காரருக்குத் தலையிடியையும் கொண்டுவரும் நாள். மேய்ச்சல் தரைகள் சுருங்கிவிட்ட இந்தக் காலத்தில் மாடுகளை எங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கு எந்தக் கூட்டத்திலும் பதில் கிடைப்பதில்லை. போக இடமில்லாத மாடுகள் கல்முனைப் பிரதான வீதியில் படுத்துக்கிடக்கும். அவற்றுக்குக் கட்டாக்காலி என்று பெயர். இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அவற்றில் மோதி விழுவார். மாடு பிடிபட்டால் உரிமையாளர் தண்டம் கட்டுவார்.

நானும் அப்படித் தண்டம் கட்டியவன்தான். ஆகவே, கல்முனைக்கு மேற்கே வயலோரமாக வாப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியைச் சுற்றி முட்கம்பி அடித்து, என்னிடமுள்ள ஏழு மாடுகளையும் உள்ளே விட்டு வளர்ப்பதென்று முடிவுசெய்தேன்.

வாப்பா காலத்தில் அந்தக் காணிக்குக் கதியால் வேலிதான். பூவரசும் முள்முருக்கையும் கிளிசிறியாவும் நட்டு, ஆண்டுக்கொரு முறை கொப்பு வெட்டி, தழையை ஆட்டுக்குப் போடுவோம். வேலியின் மேற்கு மூலையில் ஒரு கடப்பு இருந்தது. பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பட்டிக்காரர் தன்னுடைய மாடுகளைப் பின்னேரத்தில் அதன் வழியாகத்தான் வாய்க்காலுக்குத் தண்ணீர் காட்டக் கொண்டுபோவார். அதற்காக எந்தப் பத்திரமும் எழுதப்படவில்லை. 1990 இல் எல்லாம் குழம்பியது. இரண்டு பக்கத்திலும் ஆட்கள் போனார்கள், மாடுகளும் போயின. காணி பல வருடங்கள் பற்றைக்காடாகக் கிடந்தது. பிறகு அந்தப் பட்டிக்காரரின் மகன் மீண்டும் பத்துப் பதினைந்து மாடுகளோடு அதே வழியால் வரத் தொடங்கினார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

வேலி அடிக்க வந்த மேசன் மூலைக்கட்டையை மூன்றடி ஆழத்தில் இறக்கி, அதற்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார். மூலை அசைந்தால் முழு வேலியும் தொய்ந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. பிறகு கம்பிச் சுருளை உருட்டிக்கொண்டு போய், அலவாங்கால் நெம்பி இழுத்து, கட்டைக்குக் கட்டை யூ ஆணி அடித்தார். ஆணியை முழுதாக உள்ளே இறக்கவில்லை. வெயிலுக்குக் கம்பி நீளும், மழைக்குச் சுருங்கும், அதற்கு ஓடி விளையாட இடம் வேண்டும் என்றார். இந்தக் கம்பியில் மட்டும் ஏன் இரண்டு இழை என்று நான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அன்றிரவு மகனுடைய தொலைபேசியில் தேடிய போதுதான் ஜோசப் கிளிடன் என்ற அமெரிக்க விவசாயி எனக்கு அறிமுகமானார்.

கிளிடன் 1813 ஜனவரி 18 இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் சார்ல்ஸ்டவுனில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் நியூயோர்க் மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. வளர்ந்து சில காலம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். 1837 இல் கிளாரிசா ஃபொஸ்டர் என்ற பெண்ணை மணந்தார். சொந்தமாக நிலம் வேண்டும் என்ற ஆசையில் 1840 களின் தொடக்கத்தில் மேற்கே புறப்பட்டு இலினோய் மாநிலத்தின் டீகல்ப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்.

புதிய நிலம் அவரை இலகுவாக ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு ஆண் பிள்ளைகளும் சிறுவயதிலேயே இறந்தார்கள். 1843 இல் கிளாரிசா பிரசவத்தில் இறந்தார், அந்தக் குழந்தையும் நிலைக்கவில்லை. முப்பது வயதில் கிளிடன் வெறும் வீட்டோடும் உழாத நிலத்தோடும் தனித்து நின்றார். ஒரே ஆண்டில் குடும்பத்தை இழந்தவர்கள் எங்கள் கரையில் ஏராளம். 2004 டிசம்பர் 26 இற்குப் பிறகு மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அப்படி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் திரும்பத் தொழிலுக்குத்தான் போனார்கள். கிளிடனும் அதையே செய்தார். 1851 இல் லுசிண்டா வோர்ன் என்பவரை மணந்தார். எல்வா என்ற மகள் பிறந்தாள். 1852 இல் அந்த மாவட்டத்தின் ஷெரிஃப் பதவிக்குத் தெரிவானார். அறுபது வயதை எட்டும்வரை அவர் ஊரில் மதிக்கப்பட்ட ஒரு நல்ல விவசாயி, அவ்வளவுதான்.

அந்தச் சமவெளியின் பிரச்சினை வேலி. மண் செழிப்பானது, ஆனால் மரம் குறைவு, கல்லும் குறைவு. பலகையைத் தூரத்திலிருந்து ஏற்றிவந்து வேலியடித்தால் நிலத்தின் பெறுமதியை வேலியே தின்றுவிடும். முட்செடி நட்டு உயிர்வேலி வளர்த்தால் அது வளர்ந்து அடைக்கச் சில வருடங்கள் ஆகும். வெறும் கம்பியை இழுத்துக் கட்டினால் மாடு அதில் உரசிச் சாய்ந்து, அறுத்துக்கொண்டு போய்விடும். குளிருக்கு அந்தக் கம்பி வெடிக்கும், வெயிலுக்குத் தொய்யும்.

1873 இல் டீகல்ப்பில் நடந்த விவசாயக் கண்காட்சியில் ஹென்றி ரோஸ் என்ற விவசாயி ஒரு பொருளைக் காட்சிக்கு வைத்தார். மரச்சட்டம் ஒன்றில் கூர்முனைகளைப் பதித்து, அதை வேலிக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். மாடு நெருங்கினால் குத்தும். அதைப் பார்த்தவர்களில் மூன்று பேர் ஒரே யோசனையோடு வீடு திரும்பினார்கள். ஒருவர் கிளிடன். மற்றவர் இரும்புக்கடை வைத்திருந்த ஐசக் எல்வூட். மூன்றாமவர் மரவியாபாரி ஜேக்கப் ஹைஷ். மரச்சட்டம் எதற்கு, முள்ளைக் கம்பியிலேயே வைக்கலாமே என்பதுதான் அந்த யோசனை.

கிளிடன் கோப்பி அரைக்கும் கையந்திரத்தை எடுத்து, அதன் சுழற்சியைக் கொண்டு கம்பித் துண்டுகளை வளைத்து முட்களைச் செய்தார். முள் செய்வது கடினமாக இருக்கவில்லை. அதை ஓரிடத்தில் நிற்கவைப்பதுதான் கடினம். ஒற்றைக் கம்பியில் கோர்த்த முள் மாடு இடித்ததும் வழுக்கி ஓடியது, அல்லது சுழன்று கிடந்தது. அவர் இன்னொரு கம்பியை எடுத்து, சாணைக்கல்லின் கைபிடியைச் சுற்றி இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கினார். இரண்டாவது இழை முள்ளின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதோடு முறுக்கில் இருந்த இழுவை சூட்டுக்கும் குளிருக்கும் ஈடுகொடுத்தது. நான் மேசனிடம் கேட்ட கேள்விக்கான பதில் இதுதான். அந்த ஒரு முறுக்கில்தான் கிளிடனின் முழு வாழ்வும் திரும்பியது.

1873 ஒக்டோபரில் விண்ணப்பித்தார். 1874 நவம்பர் 24 இல் 157,124 என்ற இலக்கத்தில் காப்புரிமை கிடைத்தது. எல்வூட்டும் தன் பங்கிற்கு ஒரு முட்கம்பி செய்திருந்தார். கிளிடனுடையது மேலானது என்பதை ஒப்புக்கொண்டு, 265 டொலருக்குக் காப்புரிமையின் பாதியை வாங்கிப் பங்காளியானார். ஹைஷ் விட்டுக்கொடுக்கவில்லை. தானே முதலில் கண்டுபிடித்தவர் என்று வழக்காடினார். அந்த வழக்குகள் கிளிடனின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகும் ஓய்ந்திருக்கவில்லை. 1892 இல்தான் அமெரிக்க உயர் நீதிமன்றம் கிளிடனின் பக்கம் தீர்ப்பளித்தது.

1876 இல் கிளிடன் தனது மிச்சப் பாதியை மசாசூசெட்ஸில் இருந்த வொஷ்பேர்ன் அன்ட் மோயின் கம்பித் தொழிற்சாலைக்கு 60,000 டொலருக்கும், விற்பனையாகும் கம்பியின் எடைக்கேற்ற உரிமைத் தொகைக்கும் கொடுத்துவிட்டார். 1874 இல் பத்தாயிரம் இறாத்தலாக இருந்த முட்கம்பி உற்பத்தி 1880 இல் எட்டுக் கோடி இறாத்தலைத் தாண்டியது. கிளிடன் நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானார்.

1881 இல் அவர் தன் கம்பியை விற்ற ஹென்றி சான்போர்னோடு கூட்டுச் சேர்ந்து டெக்சாஸ் மாநிலத்தின் வடக்கில் பெரிய மாட்டுப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். இரண்டரை இலட்சம் ஏக்கர் நிலம். சுமார் 120 மைல் நீள முட்கம்பி வேலி. இத்தனை பெரிய நிலத்தையும் இந்தக் கம்பி அடைக்கும் என்று காட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

கதை இங்கேதான் கசக்கத் தொடங்குகிறது. டெக்சாஸில் அதுவரை மாடுகள் திறந்த வெளியில் மேய்ந்தன. வேலி வந்ததும் பணமுள்ளவர்கள் தங்கள் நிலத்தோடு பொது நிலத்தையும், சின்ன விவசாயிகளின் நிலத்தையும், தண்ணீர்த்துறைகளையும், வீதிகளையும் சேர்த்து அடைத்தார்கள். 1883 இல் வறட்சி வந்தது. தண்ணீருக்கு வழியில்லாதவர்கள் இரவில் குறடோடு போய்க் கம்பிகளை வெட்டினார்கள். சுடுபட்டுச் செத்தவர்களும் உண்டு. 1885 இன் கடுங்குளிர் காலத்தில் பனிப்புயலுக்கு முதுகைக் காட்டித் தெற்கே நடந்த மாடுகள், குறுக்கே இழுத்திருந்த நீண்ட வேலியில் தட்டுப்பட்டு நின்று, ஒன்றன்மேல் ஒன்றாக விறைத்து இறந்தன. அந்த நிலத்தின் பூர்வகுடிகள் இதற்குப் பிசாசின் கயிறு என்று பெயர் வைத்தார்கள் என்பர்.

1884 இல் டெக்சாஸ் சட்டசபை கூடிச் சட்டமியற்றியது. வேலியை வெட்டுவது பாரிய குற்றம். அதே சட்டத்தில் இன்னும் இரண்டு விடயங்கள் இருந்தன. பிறருடைய நிலத்தையோ பொது நிலத்தையோ தெரிந்துகொண்டு அடைப்பதும் குற்றம். பொது வீதிக்குக் குறுக்கே வேலி போட்டவர் மூன்று மைலுக்கு ஒரு படலை வைத்து, அதைப் பழுதில்லாமல் பேண வேண்டும். இதை வாசித்தபோது நான் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டேன். அன்று பகல் நாங்கள் மேற்கு மூலையின் கடப்பை ஐந்து இழைக் கம்பியால் அடைத்திருந்தோம்.

கிளிடன் டீகல்ப்பிலேயே தொடர்ந்து வாழ்ந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று தொடங்குவதற்கு 1895 இல் 64 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். அது இன்று வட இலினோய் பல்கலைக்கழகம். ஒரு காலத்தில் வாத்தியாராக இருந்தவர் வாத்தியார்களை உருவாக்கும் இடத்துக்கு நிலம் கொடுத்துவிட்டுப் போனார். 1906 ஒக்டோபர் 9 இல், 93 ஆவது வயதில் இறந்தார்.

அவர் கண்மூடுவதற்கு முன்பே அவருடைய கம்பி மாட்டை விட்டு மனிதரிடம் வந்துவிட்டது. தென்னாபிரிக்கப் போரில் ஆங்கிலேயர் போயர் மக்களை, பெண்களையும் பிள்ளைகளையும், முட்கம்பி முகாம்களில் அடைத்தார்கள். பிடிபட்ட போயர் வீரர்களில் சுமார் 5000 பேரை 1900 இல் தொடங்கி இலங்கைக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அடைக்கப்பட்ட இடம் தியத்தலாவை. எங்கள் அம்பாறைக் கரையிலிருந்து மலையேறினால் அரைநாள் பயணம். பிறகு முதலாம் உலகப்போரின் பதுங்குகுழிகள். பிறகு ஹிட்லரின் வதைமுகாம்கள்.

எங்களுக்கு அந்தக் கம்பியை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றபோது கைக்கெட்டும் தூரத்தில் அது இருந்தது. 2009 இல் வன்னியிலிருந்து தப்பிவந்த இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அதற்குப் பின்னால்தான் நின்றார்கள். வெளியே வந்த உறவினரின் விரலைத் தொடுவதற்குக் கம்பியின் முள்ளில்லாத இடத்தைத் தேடினார்கள். 2017 இல் கேப்பாப்புலவு மக்கள் தங்கள் சொந்தக் காணிகளை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு போராடினார்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். எங்கள் மாவட்டத்தின் வட்டமடுவில் மாட்டுக்காரருக்கும் வயல்காரருக்கும் இடையிலான இழுபறி பல வருடங்களாகத் தீரவில்லை. அங்கே ஒரு பக்கம் பெரும்பாலும் தமிழர், மறுபக்கம் பெரும்பாலும் முஸ்லிம்கள். இரண்டு தரப்புக்கும் வாழ்வாதாரம்தான் பிரச்சினை. இரண்டு தரப்பையும் மேலிருந்து வேறு யாரோ அடைத்துவைத்திருக்கிறார்கள் என்பதைப் பேச இருவரும் ஒரு திண்ணையில் உட்காருவது குறைவு.

இதற்கெல்லாம் கிளிடனைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. அவர் முறுக்கியது மாட்டை மறிக்க. ஆனால் அவரை முற்றாக விடுவிக்கவும் மனம் வரவில்லை. டெக்சாஸில் 120 மைலுக்குக் கம்பி இழுத்த மனிதருக்கு, மறுபக்கத்தில் நிற்பவருக்குத் தண்ணீர் எங்கே என்ற கேள்வி தெரியாமல் இருந்திருக்காது. எனக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் கடப்பை அடைத்தேன். காணி என்னுடையது, உறுதி என்னிடம் இருக்கிறது, இனி யாரையும் நம்பி வேலியைத் திறந்துவைக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 1990 இலிருந்து நாங்கள் எல்லோரும் எங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் காரணம் அது.

அடுத்த நாள் பின்னேரம் அண்ணன் மாடுகளோடு வந்தார். வேலியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மாடுகளைத் திருப்பி வீதிப் பக்கமாக ஓட்டினார். வாய்க்காலுக்குச் சுற்றிப்போக அந்த வழிதான் உண்டு. வாகனங்கள் ஓடும் வழி. முன்னால் போன கன்றுக்குட்டி மட்டும் பழக்கத்தில் மூலைக்கு ஓடிவந்து, கம்பியில் மூக்கைக் கொடுத்து, உதறிக்கொண்டு பின்வாங்கியது. பெரிய காயம் இல்லை. இரத்தம் ஒரு கோடாக வடிந்தது. அவர் அதற்கு மஞ்சள் வைக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மேசனை மறுபடி கூப்பிட்டேன். மூலையில் எட்டடி அகலத்துக்குக் கம்பியை வெட்டி, இரண்டு பக்கமும் புதிய கட்டைகளை மூன்றடி ஆழத்தில் இறக்கி, மரப்படலை ஒன்று போட்டோம். கட்டைக்கும் கூலிக்கும் கொஞ்சம் கூடுதலாகச் செலவானது. படலைக்குப் பூட்டு இல்லை, கயிறு மட்டும்தான். அண்ணன் வந்து கயிற்றை அவிழ்த்து, மாடுகளைக் கடத்தி, திரும்பக் கட்டிவிட்டுப் போகிறார். என்னுடைய ஏழு மாடுகளும் இன்னும் உள்ளேதான் நிற்கின்றன.

கடற்காற்றுப் படும் ஊரில் எந்தக் கம்பியும் நெடுநாள் தாங்காது. உப்பு ஏறி, துருப்பிடித்து, ஒருநாள் முள் தானாக உதிரும். அதனால் வாப்பாவின் காலத்துப் பூவரசுக் கொப்புகளைத் தேடியெடுத்து, கம்பி ஓரமாக ஊன்றிக்கொண்டு வருகிறேன். கம்பி போகும் நேரத்தில் கதியால் தழைத்திருக்கும். படலை இருக்கும் எட்டடியில் மட்டும் ஒன்றும் ஊன்றவில்லை.