ஆறு நாள் குறைவான நாலு வருஷம்

1966 செப்டம்பர் 24 அன்று ஜிமி ஹென்ட்ரிக்ஸ் லண்டனில் வந்து இறங்கினார். 1970 செப்டம்பர் 18 அன்று அதே லண்டனில் இறந்துபோனார். கணக்குப் போட்டுப் பாருங்க, நாலு வருஷத்துக்கு ஆறு நாள் குறைவு. நாம பி.இ. படிக்கிற காலம். உலகத்துக்குத் தெரிஞ்ச ஹென்ட்ரிக்ஸ் மொத்தமும் அந்த இடைவெளிக்குள்ளதான் இருக்கார். ஃபைனல் இயர்ல உட்கார்ந்துகிட்டு இந்தக் கணக்கைப் போட்ட அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன் அவர் முகம் போட்ட டி-ஷர்ட்டோட திரியறான். யாருடா இதுன்னு கேட்டேன். பாப் மார்லின்னு சொன்னான். அவனை விடுங்க. ஓரளவு தெரிஞ்சவங்ககிட்ட கேட்டாலும் கிடாரைக் கொளுத்தினவர், போதையில செத்தவர் என்ற ரெண்டு பதில்தான் வருது. ஒன்பதாவது படிக்கும்போது அண்ணனோட பழைய போனில் முதல் தடவை கேட்டதிலிருந்து இன்னைக்கு வரைக்கும் நான் இவரோட ஆள். அதனால நான் நடுநிலையா எழுதுவேன்னு எதிர்பார்க்காதீங்க.

பிறந்தது 1942 நவம்பர் 27, அமெரிக்காவின் சியாட்டில் நகரம். அப்போ அம்மா லூசிலுக்கு வயசு 17. அப்பா ஆல் ராணுவத்தில் இருந்தார், குழந்தை பிறந்தப்போ ஊரில் இல்லை. அம்மா வைத்த பேர் ஜானி ஆலன். போர் முடிஞ்சு வந்த அப்பா அதை ஜேம்ஸ் மார்ஷல் என்று மாத்தினார். வீட்டில் குடியும் சண்டையும், கையில் காசு கிடையாது. அம்மாவும் அப்பாவும் பிரிஞ்சாங்க. தம்பி, தங்கைகளில் சிலரை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துட்டாங்க. ஜிமிக்கு 15 வயசு இருக்கும்போது, 1958-ல அம்மா இறந்தாங்க. இறுதிச் சடங்குக்கு அப்பா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகவே இல்லை. இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

கிடார் வாங்க வழியில்லாததால துடைப்பத்தைக் கிடார் மாதிரி பிடிச்சு வாசிச்சுட்டு இருந்திருக்கார். ஒருமுறை அப்பாவோடு ஒரு வீட்டைச் சுத்தம் பண்ணப் போன இடத்தில், குப்பையில் ஒரே ஒரு கம்பி மிச்சமிருந்த யூகலேலி கிடைச்சது. அந்த ஒத்தக் கம்பியில், ரேடியோவில் கேட்ட பாட்டை ஒவ்வொரு ஸ்வரமா தேடிக் கண்டுபிடிச்சார். அப்புறம் 5 டாலருக்கு ஒரு பழைய அகூஸ்டிக் கிடார். அதுக்கு அப்புறம் முதல் எலெக்ட்ரிக் கிடார். அதை ஒருநாள் கிளப்பில் மேடைக்குப் பின்னால் விட்டுட்டுப் போக, திருடு போயிடுச்சு. கடைசி வரைக்கும் நோட்டேஷன் படிக்கத் தெரியாது. எல்லாமே காதால வந்ததுதான்.

இடது கைக்காரர். அப்பாவுக்கு அது பிடிக்காது, வலது கையால வாசின்னு அதட்டுவார். இடது கைக் கிடார் கிடைக்கிறதும் கஷ்டம். அதனால வலது கைக் கிடாரையே தலைகீழாத் திருப்பி, கம்பிகளை மட்டும் தன் வசதிக்கு மாத்திக் கட்டிக்கிட்டார். பெரிய ஆளான பிறகும் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை இப்படித்தான் பிடிச்சார். இதுல ஒரு எஞ்சினியரிங் விஷயம் இருக்கு. அந்தக் கிடாரில் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் சாய்வா இருக்கும். கிடாரைத் திருப்பும்போது அந்தச் சாய்வும் திரும்புது, கனமான கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் பிக்கப்பின் இடம் மாறுது, சத்தத்தின் குணமும் மாறுது. அவரோட தனி டோனில் கொஞ்சம் பங்கு அந்த வசதிக்குறைவுக்கும் உண்டு.

திருட்டு கார்களில் சுத்தி ரெண்டு தடவை போலீஸில் மாட்டினார். ஜெயிலா, ராணுவமா என்ற நிலைமை. 1961-ல ராணுவத்தில் சேர்ந்து, 101-வது ஏர்போர்ன் டிவிஷனில் பாராசூட்டில் குதிக்கிற வேலை. சிப்பாயா அவர் தேறவே இல்லை. நினைப்பெல்லாம் கிடார் மேலதான். அடுத்த வருஷமே அனுப்பிட்டாங்க. ஆனா அங்கதான் பில்லி காக்ஸ் என்ற பேஸ் கிடாரிஸ்ட் நண்பராக் கிடைச்சார்.

அடுத்த நாலு வருஷத்தைப் பத்தி யாரும் அதிகம் பேச மாட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி அதுதான். என் வயசில், 21-ல, அவர் யாரோ ஒருத்தர். அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்களுக்கான கிளப்புகளில் ஊர் ஊராப் போய், அடுத்தவங்க பாட்டுக்குப் பின்னால் நின்னு வாசிச்சார். ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட்னு பெரிய பேர்களோட இருந்தார், ஆனா எங்கேயும் நிலைக்கல. எல்லாரும் ஒரே மாதிரி சூட் போட்டு, ஒரே மாதிரி அடி எடுத்து வைக்கணும். இவர் நேரத்துக்கு வர மாட்டார், உடையில் சொன்ன பேச்சு கேட்க மாட்டார், வாசிப்பில் முன்னால் நிக்கிறவரை மறைச்சுடுவார். வேலை போகாம என்ன செய்யும்? பசியில் கிடாரை அடகு வச்ச நாட்களும் உண்டு. ஆனா பிற்காலத்தில் மேடையில் அவர் செஞ்ச வித்தைகள், பல்லால் வாசிக்கிறது, முதுகுக்குப் பின்னால் வச்சு வாசிக்கிறது, எல்லாம் இந்தக் கிளப்புகளில் கத்துக்கிட்டதுதான். லண்டன்காரங்களுக்கு அது வேற்று கிரகத்து அதிசயமாத் தெரிஞ்சது.

பிளேஸ்மென்ட் நேரத்தில் பாண்டில் கையெழுத்துப் போடப் போறவங்களுக்கு ஒரு தகவல். 1965 அக்டோபரில் ஒரு நியூயார்க் தயாரிப்பாளரோட இவர் மூணு வருஷ ஒப்பந்தம் போட்டார். முன்பணம் 1 டாலர், ராயல்டி 1 சதவீதம். போட்டதை மறந்தும் போனார். புகழ் வந்தப்போ அந்தத் தாள் வழக்கா வந்து நின்னது. அந்தக் கடனை அடைக்கத்தான் பின்னால் ஒரு முழு லைவ் ஆல்பத்தையே கொடுக்க வேண்டி வந்தது.

1966-ல நியூயார்க்கில் ஒரு சின்ன கஃபேயில் வாசிச்சப்போ, லிண்டா கீத் என்ற பெண் இவரைக் கவனிச்சு, அனிமல்ஸ் குழுவின் பேஸ் கிடாரிஸ்ட் சாஸ் சாண்ட்லரைக் கூட்டிட்டு வந்தாங்க. சாண்ட்லர் அப்போ வாசிப்பை விட்டுட்டு மேனேஜராக நினைச்சுட்டு இருந்தார். அவர்தான் லண்டனுக்கு அழைச்சுட்டுப் போனவர்.

வந்து இறங்கி ஒரு வாரம். அக்டோபர் 1, ரீஜண்ட் தெரு பாலிடெக்னிக். ஆமா, ஒரு பாலிடெக்னிக் கல்லூரி மேடை. எரிக் கிளாப்டனின் க்ரீம் குழு வாசிச்சுட்டு இருக்கு. லண்டன் சுவர்களில் கிளாப்டனைக் கடவுள்னு எழுதி வச்சிருந்த காலம். யாருன்னே தெரியாத இந்த ஆள் மேடையேறி ஒரு பாட்டு வாசிக்கலாமான்னு கேட்டார். ஹவ்லின் உல்ஃபின் கில்லிங் ஃப்ளோர் என்ற ப்ளூஸ் பாட்டை எடுத்து, அசுர வேகத்தில் வாசிச்சார். கிளாப்டன் பாதியில் வாசிக்கிறதை நிறுத்திட்டு மேடையை விட்டுப் போயிட்டார். நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல இப்படி ஒரு நாள் நடக்கணும்னு நான் கண்ட கனவுக்கு அளவே இல்லை.

மிட்ச் மிச்செல் டிரம்ஸ், நோயல் ரெட்டிங் பேஸ். மூணு பேர் குழு தயார். 1967 ஜூன் 4 அன்று சவில் தியேட்டரில் நிகழ்ச்சி. பீட்டில்ஸோட சார்ஜென்ட் பெப்பர் ஆல்பம் வெளிவந்து சில நாள்தான் ஆகுது. அதன் முதல் பாட்டையே எடுத்து நிகழ்ச்சியைத் தொடங்கினார். பார்வையாளர் வரிசையில் பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் உட்கார்ந்திருந்தாங்க. இதைத் தைரியம்னு சொல்றதா, திமிர்னு சொல்றதா? அதே மாசம் 18-ம் தேதி கலிபோர்னியாவில் மான்டெரி விழாவில் கிடாரைக் கொளுத்தினார். எனக்கு அந்த வீடியோவில் கடைசி நிமிஷம் பிடிக்கல. அதுக்கு முன்னால் வாசிச்ச அரை மணி நேரத்துக்கு மேலதான் பிடிக்கும். ஆனா போஸ்டருக்கு நெருப்புதான் வேணும். அந்த நெருப்பைத்தான் கூட்டம் திரும்பத் திரும்பக் கேட்டது, அவரே அதில் சலிச்சுப்போனார்.

இப்போ ஈ.சி.இ. பசங்க கவனிங்க. பர்ப்பிள் ஹேஸ் பாட்டின் சோலோவில் கிடார் ஒரு ஸ்தாயி மேலே ஏறி அலறும். அந்தச் சத்தத்துக்குக் காரணம் ஆக்டேவியா என்ற பெட்டி. செஞ்சவர் ரோஜர் மேயர், பிரிட்டிஷ் கடற்படைக்காக ஒலி ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்த எஞ்சினியர். உள்ளே இருக்கிற முக்கியமான சமாச்சாரம் ஃபுல் வேவ் ரெக்டிஃபயர். அலையின் கீழ்ப்பாதியை மேலே மடிச்சா அதிர்வெண் ரெண்டு மடங்காகும், 50 ஹெர்ட்ஸ் போட்டா 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் வர்ற அதே கதை. அதிர்வெண் ரெண்டு மடங்குன்னா இசையில் ஒரு ஸ்தாயி மேலே. ரெண்டாம் செமஸ்டர் லேபில் ஆசில்லாஸ்கோப்பில் அந்த மடிஞ்ச அலையைப் பார்த்தப்போ எனக்கு ஒண்ணும் தோணல. இதைப் படிச்ச பிறகுதான் அந்த லேப் ரெக்கார்டைத் தேடி எடுத்தேன்.

ஃபீட்பேக்கும் அப்படித்தான். செமினார் ஹாலில் மைக் கூவும்போது எல்லாரும் காதைப் பொத்திக்கிறோம். ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், பெருகி, சுத்திச் சுத்தி வர்றது. அவர் 100 வாட் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் முன்னால் நின்னு, அந்தக் கூச்சலையே ஸ்வரமாக்கினார். ஒரு அடி தள்ளி நின்னா வேற ஸ்வரம், உடம்பைத் திருப்பினா வேற. நாம பேப்பரில் டிரைவ் பண்ற ஆசிலேட்டர் கண்டிஷனை அவர் கால் அடியால அளந்துட்டு இருந்தார்.

1967 மே மாசத்திலிருந்து 1968 அக்டோபருக்குள் மூணு ஸ்டூடியோ ஆல்பம். எலெக்ட்ரிக் லேடிலேண்ட்தான் சிகரம்னு எல்லாரும் சொல்லுவாங்க. பாப் டிலன் பாட்டான ஆல் அலாங் தி வாட்ச்டவர் அதில்தான் இருக்கு. ஆனா என் ஓட்டு நடுவில் வந்த ஆக்ஸிஸுக்கு. அதன் முதல் பக்கத்து மாஸ்டர் டேப்பை டாக்ஸியில் தொலைச்சுட்டு, ஒரே ராத்திரியில் மறுபடி மிக்ஸ் பண்ணினாங்க. லிட்டில் விங் அதில் இருக்கு, ரெண்டரை நிமிஷம்கூட இல்லை. எத்தனை பேர் எவ்வளவு நீட்டி வாசிச்சாலும் அந்தச் சின்னப் பாட்டைத் தாண்டல.

1969 ஆகஸ்ட் 18, வுட்ஸ்டாக். ஞாயிறு ராத்திரி வரவேண்டிய நிகழ்ச்சி தள்ளித் தள்ளி திங்கள் காலையில் நடந்தது. லட்சக்கணக்கான கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பிப் போயாச்சு. சேறும் குப்பையும்தான் மிச்சம். அங்கே அமெரிக்க தேசிய கீதத்தைக் கிடாரில் வாசிச்சார். நடுநடுவே குண்டு விழுற சத்தம், சைரன், அலறல், எல்லாம் அந்த ஆறு கம்பியில். தேசத்தை அவமதிச்சுட்டார்னு கோபப்பட்டவங்க அன்னைக்கும் இருந்தாங்க, இன்னைக்கும் இருக்காங்க. அவர் வேலை பார்த்த அதே 101-வது டிவிஷன் அந்த நேரத்தில் வியட்நாமில் செத்துட்டு இருந்தது. அதைத் தெரிஞ்சுகிட்டு அந்த வாசிப்பை ஒருமுறை கேளுங்க, அப்புறம் அவமதிப்பான்னு சொல்லுங்க. அன்னைக்குப் பக்கத்தில் பேஸ் வாசிச்சது ராணுவ நண்பர் பில்லி காக்ஸ்.

கடைசி வருஷம் களைப்பிலும் வழக்குகளிலும் போச்சு. போதையும் இருந்தது, அதை நான் மறைக்கல. அதுக்கு நடுவிலும் நியூயார்க்கில் சொந்தமா ஒரு ஸ்டூடியோ கட்டினார். எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோஸ், திறப்பு விழா 1970 ஆகஸ்ட் 26. அடுத்த சில நாளிலேயே ஐரோப்பா கிளம்பினார், திரும்பி வரவே இல்லை. லண்டனில் ஒரு ஹோட்டல் அறை. தூக்கம் வராம எடுத்த மாத்திரைகள் அளவுக்கு மீறிப்போய், மயக்கத்திலேயே வாந்தி மூச்சை அடைச்சது. வயசு 27. விசாரணை திட்டவட்டமா எந்த முடிவும் சொல்லாம முடிஞ்சது.

தன் ஸ்டூடியோவில் பாதியில் விட்டுட்டுப் போன பாட்டுகளை எஞ்சினியர் எடி கிரேமரும் மிட்ச் மிச்செலும் உட்கார்ந்து சரிபண்ணி, 1971-ல தி க்ரை ஆஃப் லவ் என்று வெளியிட்டாங்க. அதில் ஏஞ்சல்னு ஒரு பாட்டு. கனவில் அம்மா வந்ததிலிருந்து பிறந்த பாட்டுன்னு சொல்லுவாங்க. அலறல் இல்லை, நெருப்பு இல்லை, ரொம்ப மெதுவான கிடார். டி-ஷர்ட் போட்ட நம்ம ஆளுக்கு நேத்து ராத்திரி இயர்போனில் ஒரு பக்கத்தைக் கொடுத்து இதைப் போட்டுக் காட்டினேன். முழுசாக் கேட்டான். இது நிஜமாவே அந்த ஆள்தானான்னு ரெண்டு தடவை கேட்டான்.