விற்றது போலி எலும்பா? மேரி ஆனிங் பட்ட பாடு

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் லைம் ரீஜிஸ் என்று ஓர் ஊர். அங்கே கடலை ஒட்டிச் செங்குத்தான மலைச்சரிவு. மழைக்காலத்தில் மண் சரியும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்த கடல் பிராணிகளின் எலும்புகள், கல்லாய் மாறி வெளியே தெரியும். அவற்றைத் தோண்டி விற்றுப் பிழைத்தவர் மேரி ஆனிங்.

பிறந்தது 1799-ம் ஆண்டு. தகப்பனார் மரவேலைக்காரர். 1810-ல் கடனை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மறு ஆண்டு அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டை ஓட்டைக் கண்டான். மற்ற எலும்புகளை 1812-ல் மேரி கண்டுபிடித்தார். அந்த இக்தியோசரஸ் 23 பவுண்டுக்கு விலை போயிற்று.

35 கழுத்தெலும்பு

1823 டிசம்பரில் கிடைத்ததுதான் பெரிய சரக்கு. சுமார் 9 அடி நீளம். சின்னத் தலை, துடுப்பு போல நான்கு கால்கள், பாம்பு போல நீண்ட கழுத்து. பெயர் பிளீசியோசரஸ். இது டைனோசர் அல்ல. அதே காலத்தில் கடலில் வாழ்ந்த வேறு இனம்.

இதன் படத்தைப் பாரீசில் பார்த்தார் ஜார்ஜ் கூவியே. எலும்பு ஆராய்ச்சியில் அன்று அவரை மிஞ்ச ஆள் இல்லை. கழுத்தில் மட்டும் 35 எலும்புகள்! மனிதனுக்கு 7. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான். பல்லி, முதலை, ஆமை எதற்கும் இத்தனை இல்லை. இரண்டு பிராணிகளை ஒட்டி ஒன்றாக்கி விட்டார்களோ என்று சந்தேகப்பட்டார்.

சந்தேகம் அநியாயம் என்று சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் ஒட்டு வேலை உண்டு. தாமஸ் ஹாக்கின்ஸ் என்ற பணக்காரரிடம் 1834-ல் பிரிட்டிஷ் மியூசியம் எலும்புகள் வாங்கியது. காசு கொடுத்த பிறகே சில பாகங்கள் வெறும் பிளாஸ்டர் என்று தெரிந்தது. ஹாக்கின்சுக்கு வயிற்றுப்பாடு இல்லை. மேரிக்கு அப்படியா? போலி விற்றவர் என்று பெயர் வந்தால், அடுத்த சரக்கை எவர் தொடுவார்?

படி ஏறாத கல்

1824 பிப்ரவரியில் லண்டன் நிலவியல் சங்கம் கூடியது. எலும்புக்கூடு பதிந்த கல்லை மாடிப்படியில் ஏற்ற முடியவில்லை. கீழே நடையிலேயே வைத்துப் பார்த்தார்கள். ஒட்டு வேலையைச் சுற்றியுள்ள கல்லே காட்டிக் கொடுத்துவிடும். ஒட்டிய இடத்தில் நிறமும் படிவும் மாறும். இங்கோ எலும்புகள் பெரும்பாலும் வரிசை கலையாமல் கல்லில் பதிந்திருந்தன. பாதிரியார் கோனிபேர் இதே பிராணியின் துண்டு எலும்புகளை வைத்து 1821-லேயே எழுதியிருந்தார். அவரே இப்போது முழு உருவத்தை விளக்கினார். கூவியேயும் தமது சந்தேகம் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

அதே கூட்டத்தில்தான் பக்லாண்டு, மெகலோசரஸ் பற்றி அறிவித்தார். முதன்முதலில் பெயர் சூட்டப்பட்ட டைனோசர் அது.

மேரி அங்கே இல்லை. பெண்களுக்குச் சங்கத்தில் இடமில்லை. கோனிபேரின் கட்டுரையில் அவர் பெயர்கூட வரவில்லை!

ஆனாலும் வியாபாரம் நிலைத்தது. மேரி மீன்களை அறுத்துப் பார்த்து எலும்பு அமைப்பைக் கற்றார். விஞ்ஞானக் கட்டுரைகளைக் கையால் படி எடுத்து வைத்துக்கொண்டார். 1833-ல் ஒரு மண்சரிவில் அவருடைய நாய் மாண்டது. அவர் மயிரிழையில் தப்பினார்.

1847 மார்ச் 9-ந்தேதி புற்றுநோயால் காலமானார். வயது 47. கூவியே சந்தேகப்பட்ட பிளீசியோசரஸ், லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது.