வீட்டுப் பேச்சைப் பாட்டாக்கிய கவிஞர்

வீட்டிலே பேசுற பேச்சு ஏட்டிலே ஏறுமா? ஏறும் என்று காட்டியவர்களுள் ஒருவர் ஃபிரான்ஸ் ஸ்டெல்ஸ்ஹாமர்.

ஆஸ்திரியாவின் மேல் ஆஸ்திரியா மாநிலத்தில், குரோஸ்பீசன்ஹாம் என்னும் சிற்றூரில், 1802 நவம்பர் 29ஆம் நாள் குடியானவர் வீட்டில் பிறந்தார். சட்டம் படிக்கப் போனார், முடிக்கவில்லை. நாடக மேடை ஏறினார், அதுவும் நிலைக்கவில்லை. ஊர்ப்பேச்சுதான் கைகொடுத்தது.

படித்தவர் எழுதிய ஜெர்மன் ஒன்று. வயலிலும் அடுப்படியிலும் பேசின ஜெர்மன் வேறு. அந்தப் பேச்சிலேயே அவர் இயற்றிய பாடல்கள் 1837இல் நூலாயின. ஊர் ஊராகப் போய், தம் பாட்டைத் தாமே சொல்லிக் காட்டிப் பிழைத்தார். கைக்கும் வாய்க்கும் எட்டாத பிழைப்புதான்! ஆனாலும் சனங்கள் தங்கள் பேச்சைக் கவிதையாகக் கேட்டு மகிழ்ந்தார்கள்.

1874 ஜூலை 14ஆம் நாள், சால்ஸ்பர்க் அருகே ஹென்டார்ஃப் என்னும் ஊரில் மறைந்தார். தாயகத்தைப் போற்றி அவர் எழுதிய பாட்டுக்கு, 1884இல் ஹான்ஸ் ஷ்னோப்ஹாகன் என்ற பள்ளி ஆசிரியர் மெட்டமைத்தார். 1952இல் அதன் சில அடிகள் மேல் ஆஸ்திரியாவின் மாநில கீதமாயின.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேணும். 1852இல் வெளிவந்த நூலொன்றில் அவர் யூத மக்களை இழித்து எழுதினார். பாட்டின் இனிமை அந்தக் கறையை மறைக்காது. தம் மக்களின் பேச்சுக்கு மதிப்புத் தேடியவரே இன்னொரு மக்களின் மதிப்பைக் கெடுத்தார்.

ஆகவே செல்வங்களே, அவரிடம் தாய்மொழிப் பற்றைக் கற்போம். பிறரைத் தாழ்த்தும் சொல்லைத் தள்ளுவோம்.