சம்பளமில்லாத நாற்காலி: எட்மண்ட் பார்க்கரின் வாழ்க்கை



பரிசளிப்பு விழா மலர் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் தேடுவது உங்கள் பிள்ளையின் படத்தைத்தான். அது இயற்கை. பரிசு வாங்கிய பிள்ளைக்குப் படமும் உண்டு, பெயரும் உண்டு. ஆனால் ஓட்டப்பந்தயத்துக்குத் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டது யார், கடிகாரம் பிடித்தது யார், வெயிலில் தண்ணீர்த் தோம்பு தூக்கி வந்தது யார் என்று கேட்டால் நமக்கே சட்டென்று பதில் வராது. அப்படித் திரைக்குப் பின்னால் நின்ற ஒருவரின் கதையை இங்கே சொல்லப் போகிறேன். அவர் சாதாரண ஆள் இல்லை. சிங்கப்பூரின் சட்ட அமைச்சராக இருந்தவர். ஆனால் அந்தப் பதவிக்கு அப்பால், ஒரு காசு சம்பளமில்லாத நாற்காலி ஒன்றில் 20 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு பளு தூக்கும் வீரரைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் டான் ஹாவ் லியாங். சீனாவின் சுவாத்தோவில் பிறந்து, சிறு பிள்ளையாகச் சிங்கப்பூருக்கு வந்தவர். கே வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் பளு தூக்கும் போட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, தாமும் இரும்பைப் பிடித்தார். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் காலில் கடும் வலி. மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். மறுத்துவிட்டு மேடை ஏறினார். அந்தக் காலத்தில் மூன்று வகைத் தூக்கல். மூன்றையும் கூட்டி 380 கிலோ தூக்கி, வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் பெற்ற முதல் பதக்கம் அதுதான். அடுத்த பதக்கத்துக்கு அந்த நாடு 2008ஆம் ஆண்டு வரை, அதாவது 48 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. டான் 2024ஆம் ஆண்டு காலமானார்.

பளு தூக்கும் மேடையில் வீரர் ஒருவர்தான் தெரிவார். ஆனால் கம்பியில் தட்டுகளை மாட்டிப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளை விளக்கா சிவப்பு விளக்கா என்று தீர்ப்புச் சொல்லும் நடுவர்கள் மூவர் இருக்கிறார்கள். வீரரின் பெயரைப் பதிந்து, பயணச் செலவுக்கு நாலு பேரிடம் கையேந்தி, சட்டை தைத்து, கப்பலோ விமானமோ ஏற்றிவிடும் சங்கத்துச் செயலாளரும் பொருளாளரும் இருக்கிறார்கள். அந்தக் காலச் சங்கங்களில் இவர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்து, மாலையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தவர்கள். இப்படிப்பட்ட பல விளையாட்டுச் சங்கங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பது ஒலிம்பிக் மன்றம். சிங்கப்பூரில் அது 1947இல் தொடங்கியது. மறு ஆண்டு லண்டன் ஒலிம்பிக்குக்கு அது அனுப்பியது ஒரே ஒரு விளையாட்டாளரை. லாயிட் வால்பெர்க் என்ற உயரம் தாண்டும் வீரர் அவர். ஒரு மன்றமே ஒரு ஆளுக்காக உழைத்தது, பாருங்கள்!

அந்த மன்றத்துக்குத்தான் 1970 முதல் 1990 வரை எட்மண்ட் வில்லியம் பார்க்கர் தலைவராக இருந்தார்.

பார்க்கர் 1920ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். யுரேசியக் குடும்பம். சிராங்கூன் ஆங்கிலப் பள்ளியிலும், பிறகு ராஃபிள்ஸ் கல்வி நிலையத்திலும், ராஃபிள்ஸ் கல்லூரியிலும் படித்தார். படிப்பில் கெட்டிக்காரர், திடலில் அதைவிடக் கெட்டிக்காரர். ஹாக்கி, கிரிக்கெட், ரக்பி, ஓட்டம் என்று எதையும் விட்டு வைக்கவில்லை. விளையாடினால் படிப்புக் கெட்டுப் போகும் என்று பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்கும் பெற்றோர் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் இதே பிள்ளைதான் 1946இல் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சட்டம் படித்து, 1951இல் வழக்கறிஞரானார்.

ஊர் திரும்பி நல்ல வருமானத்தோடு வக்கீல் தொழில் நடத்தினார். லீ குவான் இயூ அவருடைய பழைய நண்பர். நண்பர் கட்சிக்குக் கூப்பிட்டார். 1963இல் தங்ளின் தொகுதியில் நின்று வென்றார். சட்டமன்ற நாயகரானார். 1964இல் சட்ட அமைச்சர் பொறுப்பை ஏற்று, 1988 வரை அதில் இருந்தார். வக்கீல் தொழிலில் கிடைத்திருக்கக்கூடிய பணம் அரசாங்க வேலையில் இல்லை. அது தெரிந்துதான் போனார்.

1965ஆம் ஆண்டு மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்ததை நம் தாத்தா பாட்டிமார் மறந்திருக்க மாட்டார்கள். அண்ணன் வீடு ஒரு கரை, தம்பி வீடு மறு கரை என்று ஆன காலம் அது. அந்தப் பிரிவினை ஒப்பந்தத்தின் வாசகத்தை எழுதியவர் பார்க்கர்தான். வெளியே ஒரு சொல் கசியாமல் எழுதி முடித்தார். ஆகஸ்ட் மாதம் கோலாலம்பூரில் கையெழுத்தாயிற்று. அப்போது மலேசியத் தரப்பில் முன்னின்று பேசிய துன் அப்துல் ரசாக், ராஃபிள்ஸ் கல்லூரி நாள்களிலேயே ஹாக்கித் திடலில் பார்க்கரோடு பழகியவர். இரண்டு நாடு பிரிகிற நேரத்தில் இரு பக்கமும் ஒருவரையொருவர் அறிந்த ஆட்கள் உட்கார்ந்திருந்தது எவ்வளவு பெரிய ஆறுதல்! திடலில் கிடைக்கும் சிநேகிதம் கோப்பையோடு முடிந்துவிடுவதில்லை.

1970இல் ஒலிம்பிக் மன்றத் தலைவரான போது அவர் சட்ட அமைச்சர் மட்டுமா? தேசிய வளர்ச்சி அமைச்சும் அவர் கையில்தான் இருந்தது. வீடு கட்டும் வேலை அது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தானே? அமைச்சராக இருந்ததால் அவருக்குக் கதவுகள் சுலபமாகத் திறந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் திறந்த கதவு வழியாக நடந்து போக ஒரு ஆள் வேண்டும். அவர் நேரம் கொடுக்க வேண்டும்.

1973இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியை நடத்தும் பொறுப்பு சிங்கப்பூருக்கு வந்தது. சுதந்திரம் பெற்று எட்டே ஆண்டு. அதுவரை பெரிய ஆட்டமென்றால் ஜாலான் புசார் அரங்கம். ஓட்டமென்றால் ஃபேரர் பார்க் திடல். தீபாவளிச் சாமான் வாங்கத் தேக்காவுக்குப் போகிறவர்களுக்கு ஃபேரர் பார்க் தெரியும். சிராங்கூன் சாலைக்குக் கூப்பிடு தூரம். நம் சி. குணாளன் ஓடிப் பழகிய திடல் அது. 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டரில் நமது மலேசியாவின் டாக்டர் ஜெகதீசன் தங்கமும், சிங்கப்பூரின் குணாளன் வெள்ளியும் பெற்றதை நினைத்துப் பாருங்கள். முதலிரண்டு இடமும் தமிழருக்கே! குணாளன் ஓர் ஆசிரியர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிறு திடல்கள் இனிப் போதாது என்று காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் எழுந்தது. 1968இல் தொடங்கிய சிங்கப்பூர் பூல்ஸ் லாட்டரியின் வருமானம் அதற்குக் கைகொடுத்தது. 1973 ஜூலை 21ஆம் நாள் அரங்கம் திறக்கப்பட்டது; சுமார் 55,000 பேர் உட்காரலாம். விருந்தாளி விளையாட்டாளர்கள் தங்க இடம்? தோ பாயோவில் கட்டியிருந்த அடுக்குமாடி வீடுகளே விளையாட்டாளர் கிராமமாயின. போட்டி முடிந்ததும் சாதாரணக் குடும்பங்கள் குடிபுகுந்தன. ஒரே செலவில் இரண்டு காரியம். நம் வீட்டுப் பெண்கள் கல்யாணப் பந்தலுக்கு வாங்கிய துணியைப் பிறகு திரைச்சீலையாகத் தைப்பது போல!

அந்தச் செப்டம்பரில் 7 நாடுகள் கலந்துகொண்டன. சிங்கப்பூர் 45 தங்கம் பெற்றது. பெண்கள் 200 மீட்டரில் தங்கம் வென்ற குளோரி பர்ணபாஸும் ஓர் ஆசிரியைதான். அவர் படம் செய்தித்தாளில் வந்தது. நியாயந்தான், ஓடியவர் அவர். படுக்கையும் சாப்பாடும் பேருந்தும் ஏற்பாடு செய்தவர்கள் படத்தில் இல்லை.

பார்க்கர் செய்ததெல்லாம் எல்லோருக்கும் இனித்தது என்று எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. 1966இல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம் அவருடைய பொறுப்பில் இருந்தது. பொதுக் காரியத்துக்காக அரசு நிலம் எடுக்கலாம். கொடுக்கும் இழப்பீடு பல நேரம் சந்தை விலைக்குக் குறைவு. அந்த நிலங்களில்தான் லட்சக்கணக்கானோருக்கு வீடு எழும்பியது. நிலம் போனவர்களுக்கோ மனக்குறை. இரண்டும் உண்மை.

இன்னொரு சோதனை 1980இல் வந்தது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து, பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. சிங்கப்பூரும் போகவில்லை, மலேசியாவும் போகவில்லை. நம் கோல்காவலர் ஆறுமுகம் இருந்த மலேசியக் காற்பந்துக் குழு தகுதி பெற்றும் வீட்டிலேயே இருந்தது நமக்கு இன்றும் வலிக்கிறது. பார்க்கர் அப்போது ஒரு கையில் அமைச்சர், மறு கையில் ஒலிம்பிக் மன்றத் தலைவர். நாட்டின் முடிவு ஒரு பக்கம், ஆண்டுக்கணக்காகப் பயிற்சி செய்த இளைஞர்கள் மறு பக்கம். விளையாட்டுச் சங்கத் தலைமை என்றால் மாலை போட்டுக்கொள்வது மட்டுமல்ல. இப்படிப்பட்ட நாளில் வீரர்களின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதும் அதில் அடக்கம். அந்த நாளுக்குப் பிறகும் அவர் நாற்காலியை விட்டு ஓடவில்லை. 1983இல் தென்கிழக்காசியப் போட்டி மறுபடி சிங்கப்பூரில் நடந்தபோதும் அவரே தலைவர்.

1988இல் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார். அமைச்சர் பதவி போன பிறகும் மேலும் இரண்டு ஆண்டு மன்றத்தில் இருந்து, 1990இல் பொறுப்பை ஒப்படைத்தார். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், 80ஆம் வயதில் மறைந்தார். காலாங்கின் பழைய அரங்கமும் 2007இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. அதே இடத்தில் 2014இல் புதியது திறந்தது. கட்டடம் போகும், வரும். அவர் படித்த ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் உள்ள விளையாட்டுக் கழகம் மட்டும் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சரி, ஒரு அமைச்சரின் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம்ம பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்க. தலைவர் தேர்தல் வரைக்கும் சிரிப்பும் பேச்சுமா இருக்கும். செயலாளர் யாருன்னு கேட்டதும் எல்லாரும் தரையைப் பார்ப்போம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்குக் காலையில பெரட்டு, எனக்கு எங்கே நேரம் என்போம். காரணம் பொய்யில்லை. விடியற்காலை வெட்டுக்குப் போய்த் திரும்பும் உடம்புக்கு ஓய்வு வேண்டும்தான். ஆனால் தோட்டப் பள்ளிகளின் கதை எங்கும் ஒன்றுதான்: நாலு பேர் சம்பளமில்லாமல் முன்னே நின்ற இடத்தில் பள்ளி பிழைத்தது, யாரும் நிற்காத இடத்தில் பிள்ளைகள் குறைந்து, கதவு மூடியது.

கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும், வரவு செலவு எழுதலாம். அதுவும் தெரியாவிட்டால் கோடு போடலாம், நாற்காலி அடுக்கலாம். மாணவர்களே, நீங்கள் பரிசு வாங்கிக் கீழே இறங்கியதும், பந்தலின் ஓரத்தில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் அந்த மாமாவிடமும் அத்தையிடமும் போய் ஒரு நன்றி சொல்லுங்கள். பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் செயலாளர் யார் என்று கேட்கும்போது ஒரு கையாவது உயரட்டும்.

வளர்க நம் பள்ளி! வாழ்க தொண்டு!