ஜானகியை யாரும் கேட்கவில்லை

ஸ்கூடாயில் பொறியியல் படிக்கிறேன். கணக்கு என்றாலே இராமானுஜன் பெயர் வந்துவிடும். 1729 கதையை எல்லாரும் கேட்டிருப்பீங்க, அதை விட்டுடுறேன். எனக்கு உறுத்துறது வேற விஷயம்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர வேறெதையும் கவனிக்காததால் கல்லூரி உதவித்தொகை போனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. வேலையில்லாத மகனுக்கு 1909-ல் தாயார் கோமளத்தம்மாள் கல்யாணம் செய்து வைத்தார். பெண் ஜானகிக்கு வயது பத்து. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. மறு வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் போட்ட கடிதம்தான் எல்லாத்தையும் மாத்தியது.

ஹார்டி அழைத்தார். கடல் தாண்டினால் ஆசாரம் கெடும் என்ற காலம். இராமானுஜன் முதலில் மறுத்தார். பிறகு நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாகச் சொல்லி அம்மா சம்மதித்தார் என்பார்கள். ஜானகிக்கும் கூடப் போக ஆசை. கணக்கில் கவனம் சிதறும் என்று கணவர் மறுத்துவிட்டார். 1914 மார்ச் 17-ல் கப்பல் கிளம்பியது. ஜானகிக்கு அப்போது பதினஞ்சு வயசுகூட முடியலை. மாமியாரோடு கும்பகோணத்தில் இருந்தாள்.

வருஷத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகையில் 50 பவுண்டு வீட்டுக்குப் போனது. ஆனால் கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதங்களை அம்மா மறித்து வைத்துக்கொண்டார். அங்கே அவர், மனைவி ஏன் எழுதலைன்னு நினைச்சிருப்பார். இங்கே இவளும் அப்படித்தான். அந்த அம்மாவைக் கெட்டவர் என்று எழுதிட்டுப் போறது சுலபம். கோயிலில் பஜனை பாடியும், மாணவர்களுக்கு வீட்டில் சாப்பாடு போட்டும் அந்தக் குடும்பத்தைத் தாங்கியவரும் அவர்தான்.

நான் படிக்கணும்னு எங்க வீட்டில் முடிவானப்போ, எஸ்.பி.எம். முடிச்ச அக்கா சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போனாங்க. இன்னிக்கும் விடியுமுன்னே பாலம் தாண்டுறாங்க. அக்காவுக்கு என்ன படிக்க ஆசைன்னு அப்போ யாரும் கேட்கலை. நானும் கேட்கலை.

இங்கிலாந்தில் உலகப் போர். சைவச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு, குளிர், தனிமை. 1917-ல் நோயாளியானார். 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1919 மார்ச்சில் எலும்பும் தோலுமாகப் பம்பாயில் இறங்கினார். வரவேற்க ஜானகி வரவில்லை; எங்கே அவள் என்றுதான் முதலில் விசாரித்தார். ஜானகி வந்து சேர்ந்து கடைசி வரை பணிவிடை செய்தார். கூட அழைத்துப் போயிருந்தால் உடம்பு கெட்டிருக்காது என்று அவரே அப்போது வருந்தினாராம்.

1920 ஏப்ரல் 26-ல் இறந்தார், வயது 32. ஜானகிக்கு 21. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் கொடுத்தது. அவர் பம்பாய் போய்த் தையல் கற்று, 1931-ல் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார். ஒரு பையனைத் தத்தெடுத்துப் படிக்க வைத்தார். 1994 வரை இருந்தார்.