பஞ்சத்தில் பிறந்த பெயர்: பக்கிங்காம் பிரபுவின் வாழ்க்கை

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் பக்கிங்காம் என்றால் அது கால்வாயின் பெயர். அப்பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதையும், எத்தகைய துயரத்தின் நடுவே அப்பெயர் அக்கால்வாய்க்கு வந்து சேர்ந்தது என்பதையும் அறிந்தவர்கள் குறைவு. ஸ்ரீஹரிக்கோட்டையின் விறகும், ஏரியில் வாரிய கிளிஞ்சலும், உப்பும் ஒரு காலத்தில் இக்கால்வாய் வழியாகத்தான் சென்னைக்குப் போயின. பாய் கட்டியும், கழி ஊன்றியும், காற்று இல்லாத வேளையில் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுத்தும் படகைக் கொண்டு சென்ற குடும்பங்களின் வாரிசுகளே இன்று அங்கு வலை வீசுகின்றனர்.

ரிச்சர்டு கிரென்வில் 1823-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மிகப் பெரிய பிரபு குடும்பமொன்றில் பிறந்தார். செல்வத்தில் பிறந்தார் என்று சொல்வது பாதி உண்மையே. தந்தையார் ஆடம்பரத்தால் கடனில் மூழ்கினார். 1848-இல் அவர்களுடைய ஸ்டோவ் மாளிகையின் பொருள்கள் யாவும் நாற்பது நாட்கள் ஏலம் போயின. மகன் வீண் கௌரவம் பாராட்டவில்லை. 1853 முதல் 1861 வரை இங்கிலாந்தின் ஒரு பெரிய இரயில்வே கம்பெனிக்குத் தலைவராக இருந்து உழைத்தார். 1861-இல் தந்தை இறந்தபின் மூன்றாவது டியூக் ஆனார். பின்னர் குடியேற்ற நாடுகளின் மந்திரியாகவும் ஓராண்டுக்கு மேல் பதவி வகித்தார். 1874-இல் மனைவி இறந்தார். மறு ஆண்டு நவம்பரில் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்து இறங்கினார்.

கடனும் கணக்கும் இரயிலும் அறிந்த மனிதர். அத்தகையவருக்கு வந்த சோதனையைப் பாருங்கள். 1876-இல் பருவமழை பொய்த்தது. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் என்று வறட்சி பரவியது. தானியம் அறவே இல்லாமல் போய்விடவில்லை. சென்னைக் கடற்கரையில் கப்பலில் வந்திறங்கிய தானியம் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தது. அதை உள்நாட்டுக்குக் கொண்டு செல்ல இரயில் வண்டிகள் போதவில்லை. கொண்டு சென்ற இடத்திலும் விலை ஏழைக்கு எட்டவில்லை. கவர்னரின் அரசு சுமார் 30,000 டன் தானியத்தை ஒரு வணிக நிறுவனத்தின் மூலம் வாங்கி இருப்பு வைத்தது. மேலிடமான இந்திய சர்க்காருக்கு இது பிடிக்கவில்லை. தனியார் வியாபாரத்தில் சர்க்கார் கை வைக்கலாகாது என்று கண்டித்துத் தடுத்தது. அதே வேளையில் வைஸ்ராய் லிட்டன் பிரபு, விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவிக்க 1877 ஜனவரி 1-ஆம் தேதி டில்லியில் மாபெரும் தர்பார் நடத்தினார். மாகாணம் பட்டினியில் துடிக்கையில் கவர்னரும் அந்தத் தர்பாருக்குப் போகவேண்டியிருந்தது!

அடுத்து வந்து சேர்ந்தார் சர் ரிச்சர்டு டெம்பிள். இவர் கதை தனி வேடிக்கை. 1874-இல் வங்காள, பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி தருவித்து மக்களைக் காத்தவர் இவர்தாம். சாவு மிகக் குறைவு. ஆனால் செலவு அதிகம் என்று பழி சுமத்தப்பட்டார். உயிர்களைக் காத்ததற்காக ஏச்சு வாங்கிய மனிதர், அந்தப் பெயரைத் துடைக்கவே முனைந்தார் போலும். சென்னைக்கு வந்ததும் நிவாரண வேலைக் கூலியை ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் என்று குறைத்தார். நாள் முழுவதும் மண் வெட்டிச் சுமப்பவருக்கு இது எப்படிப் போதும்? மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இது உடலைக் கரைத்துவிடும் என்று விடாமல் வாதாடினார். 1877 மார்ச்சில் சென்னை அரசு படியை ஓரளவு உயர்த்தியது. அதற்குள் எத்தனையோ பேர் எலும்பும் தோலுமாகிவிட்டனர்.

இங்கே வாசகர்களின் நினைவுக்கு ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு வந்திருக்கும். அரேபியாவில் பஞ்சம் சூழ்ந்தபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மிஸ்ரின் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களிடமிருந்து தானியம் தருவித்தார்கள். நைல் நதியைச் செங்கடலுடன் இணைக்கும் பழைய கால்வாய் தூர் எடுக்கப்பட்டு, அவ்வழியே கப்பல்கள் மதீனாவின் துறைமுகத்திற்கு வந்ததாக வரலாற்று நூல்கள் கூறும். மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யையும் இறைச்சியையும் தாமும் தொடாதிருந்தார்கள். அங்கே கால்வாய் உணவைக் கொண்டு வந்தது. இங்கே பசித்தவர் கால்வாய் வெட்டினால்தான் உணவு.

பக்கிங்காம் பிரபுவைக் குற்றமற்றவர் என்று நான் எழுதவில்லை. மேலிடத்தோடு கடிதப் போர் நடத்தியதில் காலம் கழிந்தது. அவருடைய நிர்வாகம் மந்தம் என்று லிட்டன் குறை கூறினார். லிட்டனின் கஞ்சத்தனத்தைச் சென்னையில் பலர் குறை கூறினர். ஒருவரையொருவர் குறை கூறிய மாதங்களில் மக்கள் மடிந்தனர். 1877-இலும் மழை தவறவே, ஆகஸ்டில் பிரபு இங்கிலாந்து மக்களிடம் நேரடியாக உதவி கேட்டார். இலண்டனில் நிதி திரண்டது. தம்மை மீறிக் கேட்டதில் லிட்டனுக்கு வருத்தம். அம்மாத இறுதியில் அவரே சென்னைக்கு வந்தார். 1876 முதல் 1878 வரை இப்பஞ்சத்தில் இறந்தவர்கள் 55 லட்சத்துக்கும் குறையமாட்டார்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

கால்வாய் முழுவதையும் இவரே வெட்டினார் என்று எண்ணவேண்டாம். 1806-இல் பேசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கியது அது. பிறகு பழவேற்காடு ஏரியைத் தாண்டி வடக்கே வளர்ந்தது. பஞ்ச காலத்தில் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1878-இல் முழுக் கால்வாய்க்கும் கவர்னர் பெயர் இடப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்?

1880 டிசம்பரில் பிரபு தாயகம் திரும்பினார். அவ்வாண்டு பஞ்சக் கமிஷன் தன் அறிக்கையைத் தந்தது. 1883-இல் பஞ்ச விதிகள் வகுக்கப்பட்டன. அத்தனை சாவுக்குப் பின்! 1889 மார்ச்சில் பிரபு காலமானார். ஆண் வாரிசு இல்லை. டியூக் பட்டம் அவரோடு முடிந்தது. பெயர் மட்டும் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளத்துக்கு நம் கடற்கரையில் கிடக்கிறது.

அந்தக் கால்வாயைப் பின் வந்தவர்கள் வைத்திருந்த விதத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1965, 1966 புயல்களில் அது சிதைந்தது. படகுப் போக்குவரத்து மெல்ல நின்றது. சென்னையில் பறக்கும் இரயிலுக்கான தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள். 2008-இல் தேசிய நீர்வழி என்று சட்டம் வந்தது. பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு ஒரு சரக்குப் படகாவது மீண்டும் ஓடவில்லை. ஏரியின் முகத்துவாரம் தூரும்போதெல்லாம் மீனவர் மனு எழுதுவதும் அலைவதுமே வழக்கமாயிற்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிப் பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் இந்தக் கால்வாய் வழியாகவே எண்ணூர் கழிமுகத்துக்குள் புகுந்தது. வலையும் படகும் கருத்துப் போயின. தொழிலுக்குப் போக முடியாத மீனவர்களையே கூலிக்கு அமர்த்தினார்கள். அவர்கள் படகில் நின்று, வாளியாலும் குவளையாலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள்.