தராசைத் துணைக்கொண்ட மேதை

எங்கள் பள்ளிச் சிற்றாலயத்தின் பீடத்தில் திருப்பலிக்கு ஏற்றும் மெழுகுதிரி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. உருகி வழிந்து தட்டில் உறைவது மெழுகேதான். உருவம் மாறினாலும் பொருள் மாறவில்லை. ஆனால் எரிந்துபோன மெழுகு எங்கே சென்றது? பத்தாம் வகுப்பில் வேதியியல் மாற்றங்களைப் படித்தபோது எங்கள் உள்ளத்தில் எழுந்த கேள்வி இது. இதற்குத் தெளிவான வழி காட்டியவர், நவீன வேதியியலின் தந்தை என்று போற்றப்படும் அந்துவான் லவாய்சியர் ஆவார்.

லவாய்சியர் 1743ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். தந்தையைப் போலவே சட்டம் பயின்று பட்டம் பெற்றார். ஆயினும் அவர் உள்ளம் விஞ்ஞானத்தையே நாடியது. 1768இல், 25 வயது நிறைவதற்கு முன்னரே, பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினரானார்.

தண்ணீரை நெடுநாள் காய்ச்சினால் அதில் ஒரு பகுதி மண்ணாக மாறிவிடும் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். பாத்திரத்தின் அடியில் மண் போன்ற பொருள் படிவதைக் கண்ணால் கண்டதே அதற்குக் காரணம். லவாய்சியர் மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரை 101 நாட்கள் காய்ச்சினார். முன்னும் பின்னும் கவனமாக நிறுத்துப் பார்த்தார். தண்ணீரின் எடை குறையவில்லை. கண்ணாடியின் எடைதான் குறைந்திருந்தது. படிந்தது தண்ணீரிலிருந்து பிறந்த மண் அன்று, கண்ணாடியிலிருந்து கரைந்த பொருளே என்பது விளங்கிற்று. புதிய பொருள் எதுவென்று அறியக் கண் மட்டும் போதாது, தராசும் வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்துகொண்டார்.

எரியும் பொருளிலிருந்து ஃபுளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்பது அந்நாளைய அறிஞர்களின் கொள்கை. அப்படியானால் சூடாக்கிய உலோகம் எடை குறைய வேண்டுமே, ஏன் கூடுகிறது? லவாய்சியர் பாதரசத்தை அடைபட்ட காற்றோடு சேர்த்துப் பன்னிரண்டு நாட்கள் சூடாக்கினார். பளபளக்கும் பாதரசத்தின் மேல் சிவப்புப் பொடி தோன்றியது. காற்றில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. எஞ்சிய காற்றில் மெழுகுதிரி அணைந்துவிட்டது. அச்சிவப்புப் பொடியை மேலும் கடுமையாகச் சூடாக்கியபோது பாதரசம் மீண்டது. குறைந்த காற்றும் மீண்டது. அதில் மெழுகுதிரி சுடர்விட்டு எரிந்தது. இந்த வாயுவை இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி 1774இல் பெற்று லவாய்சியரிடம் கூறியிருந்தார். எரிதல் என்பது இவ்வாயுவோடு பொருள் கூடிப் புதிய பொருளாவதே என்று விளக்கி, ஆக்ஸிஜன் என்று அதற்குப் பெயரிட்டவர் லவாய்சியர்.

இவ்வெற்றிகளில் அவர் மனைவி மேரியின் பங்கும் பெரிது. மூன்று வயதில் தாயை இழந்து கன்னியர் மடத்தில் கல்வி கற்றவர் அவர். 1771இல் மணமானபோது அவருக்கு வயது பதின்மூன்றே, எங்களைவிட இளையவர்! கணவருக்கு உதவுவதற்கென்றே வேதியியலும் ஆங்கிலமும் ஓவியமும் பயின்றார். ஆங்கில நூல்களை மொழிபெயர்த்துத் தந்தார். சோதனைக் குறிப்புகளை எழுதினார். 1789இல் வெளியான லவாய்சியரின் புகழ்பெற்ற வேதியியல் நூலுக்கு 13 படங்களை வரைந்தவரும் அவரே.

லவாய்சியர் அரசனுக்காக வரி வசூலித்த நிறுவனத்தில் பங்குதாரராகவும் இருந்தார். அவ்வருமானமே அவருடைய ஆய்வுக்கூடத்தை வளர்த்தது. அவ்வரியால் ஏழைகள் வாடினர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. மக்களின் வெறுப்பு வரி வசூலித்தவர்கள் மேல் திரும்பியது. 1794ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் லவாய்சியரும் மற்றும் 27 பேரும் விசாரிக்கப்பட்டு அன்றே கில்லட்டினில் தலை துண்டிக்கப்பட்டனர். அவர்களுள் மேரியின் தந்தையும் ஒருவர். ஒரே நாளில் தந்தையையும் கணவரையும் இழந்தார் மேரி. வாழ்நாளெல்லாம் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்த மனிதருக்கு, அவருடைய நன்மை தீமைகளை நிறுத்துப் பார்க்கும் நீதி கிடைக்கவில்லை.

சொத்துக்கள் பறிக்கப்பட்டு, தாமும் சிறையிலிருந்து மீண்ட மேரி மனம் தளரவில்லை. கணவர் விட்டுச்சென்ற கட்டுரைகளை அச்சிட்டு உலகுக்கு அளித்தார். 1836இல் மறையும்வரை அவர் பெயரைக் காத்துவந்தார்.

எரிந்த மெழுகு அழியவில்லை என்று இப்போது நாங்கள் அறிவோம். அது ஆக்ஸிஜனோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத கார்பன் டை ஆக்ஸைடாகவும் நீராவியாகவும் மாறியிருக்கிறது. அவற்றையெல்லாம் சேர்த்து நிறுக்க முடிந்தால், எடையில் எதுவும் குறைந்திராது. கண்டதும் நம்பிவிடாமல் ஆராய்ந்து உண்மை தெளிவதே லவாய்சியரின் வாழ்வு தரும் பாடம். பொருள்களை மட்டுமன்றி மனிதர்களையும் அவ்வாறே பொறுமையோடு சீர்தூக்கிப் பார்க்க நாம் பழகுவோமாக!